ஒப்பந்தத்தில் மூன்றாம் ஆள்: யார் கேட்கலாம், யாருடைய கடமை தீர்ந்தது? – முழுமையான வழிகாட்டி

“காண்ட்ராக்டருக்குப் பணம் கொடுத்தாச்சு. டைல்ஸ் கடைக்காரர் ஏன் என்னைக் கேட்கிறார்?” என்பார் வீட்டுக்காரர். “சரக்கு இறங்கினது உங்க வீட்டில்தானே?” என்பார் கடைக்காரர். இப்படி ஒரு கோப்பை ஜூனியரிடம் கொடுத்தால், யார் பக்கம் நியாயம் என்று உடனே யோசிக்கத் தொடங்கிவிடுகிறார். பரீட்சைத் தாளில் மாணவர் செய்வதும் இதுவே.

நியாயத்தை அப்புறம் பார்க்கலாம். முதல் கேள்வி, கேட்கும் உரிமை இவருக்கு இருக்கிறதா? இரண்டாவது, கேட்பதற்கு இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இந்த வரிசையை மாற்றினால் பாதி உழைப்பு வீண். உரிமையே இல்லாதவருக்காக, கடமை தீர்ந்ததா என்று பத்துப் பக்கம் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விளக்கத்துக்கு ஒரு கற்பனைக் கதை வைத்துக்கொள்வோம். பெரியவர் ஒருவர், மகள் பெயரில் உள்ள மனையில் வீடு கட்ட, காண்ட்ராக்டருடன் 30 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் போடுகிறார். வெளியூரில் இருக்கும் மகள் கையெழுத்திடவில்லை. காண்ட்ராக்டர் டைல்ஸைக் கடனுக்கு எடுத்ததில் கடைக்கு 2 லட்சம் பாக்கி. வயரிங் வேலையை எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் விடுகிறார். நடுவில் பெரியவருக்குக் கை இறுக்கமானதால், அவருடைய மைத்துனர் ஒரு தவணையை நேராகக் காண்ட்ராக்டரிடம் கொடுக்கிறார். சட்டம், இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. வேறு சட்டத்தின் பெயர் சொல்லாத இடத்தில் பிரிவு எண்கள் எல்லாம் இதனுடையவை.

1. தொடங்கும் முன்: காகிதமும் நாட்காட்டியும்

ஒப்பந்தப் பத்திரம், ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் செய்திகள், டெலிவரி சலான் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். யார் பெயருக்கு பில் போடப்பட்டது என்பதைச் சிவப்பு மையால் குறியுங்கள். பல வழக்குகளில் அந்த ஒரு வரிதான் விடை.

காலவரம்பை அன்றைக்கே பாருங்கள். ஒப்பந்தம் மீறப்பட்டதற்கான இழப்பீட்டு வழக்குக்கு, 1963 காலவரம்புச் சட்டப்படி பொதுவாக 3 ஆண்டு. கெடு முடிவதற்குள் கடனாளி கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் கணக்கு அன்றிலிருந்து புதிதாக ஓடும். கெடு முடிந்த பிறகு ஒப்புக்கொண்டால் அந்தப் பலன் இல்லை. அப்போது ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவின்படி, பணம் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்ட புது வாக்குறுதி வேண்டும். ‘பாக்கி உண்டு’ என்று ஒப்புக்கொள்வது வேறு, ‘தருகிறேன்’ என்று வாக்களிப்பது வேறு.

2. கோடு போடுங்கள்: யார் யாருக்கு வாக்குக் கொடுத்தார்?

வெள்ளைத்தாளில் எல்லாப் பெயர்களையும் எழுதி, வாக்குறுதி இருக்கும் இடத்தில் மட்டும் அம்புக்குறி போடுங்கள். பணம் போன வழியையோ சரக்கு போன வழியையோ போடாதீர்கள். புதியவர்கள் தவறுவது இங்கேதான். சரக்கு போன வழியை ஒப்பந்தம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

நம் கதையில் பெரியவருக்கும் காண்ட்ராக்டருக்கும் ஒரு கோடு, காண்ட்ராக்டருக்கும் கடைக்கும் ஒன்று, காண்ட்ராக்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் ஒன்று. கடையிலிருந்து பெரியவருக்குக் கோடு இல்லை. மகளிடமிருந்து யாருக்குமே கோடு இல்லை.

கோடு இல்லாதவர் ஒப்பந்தத்தின் பேரில் வழக்குப் போட முடியாது என்பதே பொது விதி. வக்கீல்கள் பேச்சில் ‘பிரிவிட்டி’. 1911-இல் ஜம்னா தாஸ் எதிர் ராம் அவதார் பாண்டே வழக்கில் பிரிவி கவுன்சில் (அன்று இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம்) இதைத்தான் சொன்னது. அடமானத்தில் இருந்த சொத்தை வாங்கியவர், அடமானத்தைத் தீர்க்கவென்று விலையில் ஒரு தொகையைப் பிடித்து வைத்துக்கொண்டார். அடமானம் பிடித்தவர் அந்தத் தொகைக்காக அவர்மேல் நேராக வழக்குப் போட்டார். வாங்கியவர் வாக்களித்தது விற்றவருக்கு, உனக்கல்ல என்று தள்ளிவிட்டார்கள்.

3. மறுபயனையும் பிரிவிட்டியையும் குழப்பாதீர்கள்

பழைய பத்திரங்களில் ‘பிரதிபிரயோஜனம்’ என்று எழுதுவார்களே, அதுதான் மறுபயன்; ஒரு வாக்குறுதிக்குப் பதிலாகத் தரப்படுவது. அது வாக்குப் பெற்றவரிடமிருந்துதான் வர வேண்டும் என்பது இங்கிலாந்து விதி. நம் சட்டத்தின் 2(டி) பிரிவு ‘வாக்குப் பெற்றவர் அல்லது வேறு எவராவது’ என்கிறது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் 1882-ஆம் ஆண்டு சின்னையா எதிர் ராமய்யா வழக்கு இதற்கு நல்ல உதாரணம். ஓர் அம்மாள் நிலத்தை மகளுக்குத் தானமாக எழுதிவைத்து, தன் உடன்பிறப்புக்கு ஆண்டுக்கு 653 ரூபாய் கொடுக்கச் சொன்னார். மகளும் அப்படியே தருவதாக எழுதிக்கொடுத்தார். பிறகு, “உங்களிடமிருந்து எனக்கு எதுவும் வரவில்லையே” என்று மறுத்தார். அம்மாள் தந்த நிலமே போதுமான மறுபயன் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதைப் படித்துவிட்டு, ‘இந்தியாவில் மூன்றாம் ஆள் வழக்குப் போடலாம்’ என்று எழுதுகிறார்கள். தவறு. மகள் எழுதிக்கொடுத்ததே அந்த உடன்பிறப்புக்குத்தான். நம் தாளில் வரைந்தால் அங்கே கோடு இருக்கிறது. மறுபயன் வேறு வீட்டிலிருந்து வரலாம், வாக்குறுதி கேட்பவருக்கே கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். இங்கிலாந்தில் 1999-இல் மூன்றாம் நபர் உரிமைக்கென்றே சட்டம் வந்தது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. அங்கத்திய பாடநூலை வைத்து நம் ஊர்க் கோப்பை எழுதினால் சறுக்கும்.

4. கோடு இல்லையென்றால் கதவுகளைத் தட்டிப் பாருங்கள்

கோடு இல்லை என்றதும் கோப்பை மூடிவிடக் கூடாது. வேறு கதவுகள் உண்டு.

அறக்கட்டு (டிரஸ்ட்) அல்லது சொத்தின்மீது பொறுப்பு (சார்ஜ்). பணமோ சொத்தோ இவருக்காகவே ஒதுக்கப்பட்டிருந்தால் இவர் கேட்கலாம். 1910-இல் குவாஜா முகமது கான் எதிர் ஹுசைனி பேகம் வழக்கில், மருமகளுக்கு மாதம் 500 ரூபாய் தருவதாக மாமனார், பெண்ணின் தந்தையுடன் ஒப்பந்தம் செய்திருந்தார். அதற்கென்று சில சொத்துகளும் குறிக்கப்பட்டிருந்தன. ஒப்பந்தத்தில் இல்லாத மருமகளே வழக்குப் போட்டு வென்றார்.

ஆனால் பத்திரத்தில் பெயர் வந்தாலே பொறுப்பு உருவாகிவிடாது. 1969-இல் எம்.சி. சாக்கோ எதிர் ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் வழக்கில், குடும்பப் பத்திரம் ஒன்றில் வங்கிக் கடனைத் தீர்ப்பது பற்றிய வாசகத்தைப் பிடித்துக்கொண்டு வங்கி வந்தது. அந்த ஏற்பாடு குடும்பத்தார் தங்களுக்குள் செய்துகொண்டது, வங்கிக்குச் சாதகமாகப் பொறுப்பு எதுவும் அதில் உருவாகவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இவரைப் பற்றிப் பேசியிருக்கிறார்களா என்று பார்க்காதீர்கள். இவருக்கு உரிமை கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

குடும்ப ஏற்பாடு, திருமண ஏற்பாடு. குறிப்பிட்டபடி நிறைவேற்றக் கோருவதானால், 1963-ஆம் ஆண்டின் ‘குறித்த தீர்வுச் சட்டம்’ (ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்), அதன் 15-ஆம் பிரிவே இவற்றால் பலன்பெறுபவரை அனுமதிக்கிறது. வெறும் தீர்ப்பைக் காட்டுவதைவிடப் பிரிவைக் காட்டுவது வலுவானது.

முகவர். பெரியவர் மகளின் சார்பில்தான் ஒப்பந்தம் போட்டார் என்று காட்ட முடிந்தால் மகளே ஒப்பந்தத்தின் ஒரு தரப்பு. பவர் பத்திரம், மகள் கணக்கிலிருந்து போன அட்வான்ஸ், “என் மகளுக்காக” என்று அனுப்பிய செய்தி எல்லாம் இங்கே சான்று.

உரிமை மாற்றம். காண்ட்ராக்டர் தனக்கு வரவேண்டிய பணத்தைக் கடைக்காரருக்கு எழுதிக்கொடுத்திருக்கலாம். சொத்து மாற்றச் சட்டத்தின் 130-ஆம் பிரிவுப்படி அது எழுத்தில், மாற்றுபவரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு போதாது.

நுகர்வோர் சட்டம். இதை மறப்பவர்கள் அதிகம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவைக்குப் பணம் கொடுத்தவரை மட்டுமல்லாமல், அவர் சம்மதத்தோடு அந்தச் சேவையால் பலன்பெறுபவரையும் நுகர்வோர் என்கிறது. வீடு கட்டித் தருவதும் அந்தச் சட்டத்தில் சேவைதான். சிவில் நீதிமன்றத்தில் பிரிவிட்டியில் முட்டிக்கொள்ளும் மகளுக்கு இதுதான் நேர்வழி.

ஒப்புக்கொண்டது. பெரியவர் கடைக்காரரிடம், “சரக்கைப் போடுங்க, காண்ட்ராக்டர் தராவிட்டால் நான் தர்றேன்” என்று சொல்லியிருந்தால் கதை மாறுகிறது. அது ஜாமீன். நம் சட்டத்தில் ஜாமீன் வாய்மொழியாகவும் இருக்கலாம். எப்போது சொன்னார் என்பதுதான் உயிர்நாடி. சரக்கு இறங்கும் முன் சொல்லியிருந்தால், அதை நம்பிச் சரக்குக் கொடுத்ததே மறுபயன். சரக்கு இறங்கி ஒரு மாதம் கழித்து, பதிலுக்கு எதையும் பெறாமல் சொல்லியிருந்தால் 127-ஆம் பிரிவின் உதாரணப்படி அது செல்லாது. “ஒரு வருஷம் காண்ட்ராக்டர்மேல் வழக்குப் போடாதீங்க, நான் தர்றேன்” என்று சொல்லி, கடைக்காரரும் அதற்குச் சம்மதித்திருந்தால் மறுபடி செல்லும்.

இவற்றில் எதுவும் இல்லையென்றால், சரக்கு இறங்கிய இடம் என்பதை மட்டும் வைத்துப் பெரியவரைப் பிடிக்க முடியாது. சிலர் 70-ஆம் பிரிவை எடுப்பார்கள். இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்ததை அனுபவித்தவர் ஈடுசெய்ய வேண்டும் என்பது அது. கடைக்காரர் கடன் கொடுத்தது காண்ட்ராக்டரை நம்பி, அவர்களுக்குள் ஒப்பந்தமும் இருக்கிறது என்னும்போது இது எடுபடுவது கடினம்.

5. வேலை கைமாறியதா, கடமை கைமாறியதா?

இனி இரண்டாவது கேள்வி. வயரிங் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டதால் காண்ட்ராக்டரின் பொறுப்பு தீர்ந்துவிடவில்லை. 40-ஆம் பிரிவுப்படி, தானே செய்ய வேண்டியதில்லாத வேலையைத் தகுதியான வேறொருவரை வைத்துச் செய்யலாம். வயரிங் எரிந்தால் பெரியவர் பிடிக்க வேண்டியது காண்ட்ராக்டரைத்தான்.

கடமையே மாற வேண்டுமானால் 62-ஆம் பிரிவின் நோவேஷன், அதாவது பழைய ஒப்பந்தத்தின் இடத்தில் புது ஒப்பந்தம், தேவை. பழையவர், புதியவர், பெறவேண்டியவர் மூவரும் சம்மதிக்க வேண்டும். சட்டத்திலேயே அழகான உதாரணம் உண்டு. அ, ஆ-வுக்கு 1,000 ரூபாய் தரவேண்டும். ஆ, இ-க்கு 1,000 தரவேண்டும். “என் பணத்தை இ பெயரில் வரவு வை” என்று அ-விடம் ஆ சொல்கிறார், ஆனால் இ சம்மதிக்கவில்லை. ஆ-வின் கடன் அப்படியே நிற்கிறது.

“இனி என் தம்பி பார்த்துக்குவான்” என்று காண்ட்ராக்டர் சொல்ல, பெரியவர் தலையாட்டினாரா சும்மா இருந்தாரா என்பதில் பல வழக்குகள் சிக்குகின்றன. சும்மா இருந்ததைச் சம்மதம் என்று எழுதிவிடாதீர்கள். தம்பியோடு தனியாக விலை பேசினாரா, பழையவரிடம் கணக்கு முடித்தாரா என்று தேடுங்கள்.

6. மூன்றாம் ஆள் பணம் கொடுத்துவிட்டால்

மேலே மூன்றாம் ஆளின் வெறும் வாக்கு கடனைத் தீர்க்கவில்லை. அவருடைய பணம் தீர்க்கும். 41-ஆம் பிரிவுப்படி, பெறவேண்டியவர் மூன்றாம் நபரிடமிருந்து நிறைவேற்றத்தை ஏற்றுக்கொண்டால், பிறகு அதையே மூலக் கடனாளியிடம் கேட்க முடியாது. மைத்துனர் கொடுத்த தவணையைக் காண்ட்ராக்டர் வாங்கிக்கொண்டார் என்றால் அந்தத் தவணை தீர்ந்தது. “அது அவருக்கும் எனக்கும் உள்ள வேறு கணக்கு” என்று காண்ட்ராக்டர் சொல்லாமலிருக்க, எந்த ஒப்பந்தத்துக்கு, எந்தத் தவணைக்கு என்று ரசீதில் எழுதியிருக்க வேண்டும்.

முழுத்தொகையும் கொடுக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கபூர்சந்த் கோதா வழக்கில், பேரார் இளவரசருக்கு (ஹைதராபாத் நிஜாமின் மகன்) நகை விற்றவர்கள், அவருடைய கடனுக்கு முழுத் தீர்வாக ஹைதராபாத் அரசு கொடுத்த 20 லட்சம் ரூபாயை வாங்கிக்கொண்டு, மீதிக்கு இளவரசர்மேல் வழக்குப் போட்டார்கள். வாங்கியபோதே தீர்ந்துவிட்டது என்றது உச்ச நீதிமன்றம்.

கொடுத்த மைத்துனர் திரும்பக் கேட்க முடியுமா? பெரியவர் கேட்டுக்கொண்டு கொடுத்தால் அது கைமாற்று, கேட்கலாம். கேட்காமல் கொடுத்தால் 69-ஆம் பிரிவில் நுழைய வேண்டும். அதற்கு, சட்டப்படி பெரியவர் கட்டியே ஆகவேண்டிய பணமாகவும், அது கட்டப்படுவதில் மைத்துனருக்கு ஒரு நலன் இருப்பதாகவும் காட்ட வேண்டும். ஏலம் போகாமல் தடுக்க, நிலச் சொந்தக்காரரின் வரிபாக்கியைக் குத்தகைதாரர் கட்டுவது சட்டம் தரும் உதாரணம். பாசத்தால் கட்டியது இதில் வராது.

தவறான ஆளிடம் கொடுப்பது இன்னொரு பள்ளம். காண்ட்ராக்டர் தன் பணத்தைக் கடைக்கு எழுதிக்கொடுத்தது தெரியாமல், பெரியவர் காண்ட்ராக்டருக்கே கொடுத்தால் கடன் தீர்ந்தது. சொத்து மாற்றச் சட்டத்தின் 130-ஆம் பிரிவு அவரைக் காக்கிறது. எழுத்தில் அறிவிப்பு வந்த பிறகும் பழையவரிடம் கொடுத்தால் இரண்டாம் முறை கட்டும்படி ஆகும். அறிவிப்பு வந்த தேதியைக் கவரோடு சேர்த்து வையுங்கள்.

7. தர வந்தபோது வாங்க மறுத்தாரா?

38-ஆம் பிரிவுப்படி, நிறைவேற்ற முன்வந்து எதிராளி மறுத்தால், நிறைவேற்றாத குற்றம் இவர்மேல் இல்லை. ஆனால் முன்வருவது நிபந்தனையின்றி, உரிய நேரத்தில், உரிய இடத்தில் இருக்க வேண்டும். “கேஸை வாபஸ் வாங்கினால் தருகிறேன்” என்பது முன்வருதல் ஆகாது.

இதில் ஒரு பொதுப் பிழை: பணக்கடனை வாங்க மறுத்தால் கடனே ரத்து என்று நினைப்பது. கடன் நிற்கும். தொகையைத் தயாராக வைத்திருந்தால் மேற்கொண்டு வட்டி கேட்பதை எதிர்க்கலாம், அவ்வளவுதான்.

8. ‘முழுத் தீர்வு’ ரசீதைப் படிக்கும் முறை

63-ஆம் பிரிவு இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து விலகி நிற்கிறது. 5,000-க்குப் பதில் 2,000-ஐ முழுத் தீர்வாக ஏற்றால் கடன் முடிந்தது. தனி மறுபயன் தேவையில்லை. குறைந்த தொகை முழுக் கடனைத் தீர்க்காது என்ற அங்கத்திய விதியை இங்கே எழுதினால் மதிப்பெண் போகும், வழக்கும் போகும்.

ரசீதில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று மட்டும் இருந்தால் அது வரவு. ‘இனி பாக்கி எதுவும் இல்லை’ என்றிருந்தால் தீர்வு. ஆனால் அந்தக் கையெழுத்து வற்புறுத்தலிலோ ஏமாற்றிலோ வாங்கப்பட்டது என்று காட்டினால் நீதிமன்றம் உள்ளே போய்ப் பார்க்கும். “கையெழுத்துப் போட்டால்தான் செக் தருவோம்” என்றதற்குச் செய்தி வடிவில் சான்று இருந்தால் முதலில் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

பல பில்கள் நிலுவையில் இருக்கும்போது எது தீர்ந்தது என்பதற்கு 59 முதல் 61 வரையான பிரிவுகள். கட்டுபவர் சொன்னால் அந்தக் கடனுக்கு. சொல்லாவிட்டால் வாங்குபவர் விருப்பம், காலவரம்பு கடந்த கடனுக்குக்கூட வைத்துக்கொள்ளலாம். இருவரும் ஒதுக்காவிட்டால் பழைய கடனிலிருந்து. அதனால் பணம் அனுப்பும்போதே குறிப்பில் பில் எண்ணைப் போடுங்கள்.

9. மீறல், இயலாமை, மரணம்

எதிராளி முழுவதுமாக மறுத்தால் 39-ஆம் பிரிவுப்படி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். முடிப்பதா தொடர்வதா என்று உடனே தீர்மானியுங்கள். காண்ட்ராக்டர் வேலையைக் கைவிட்ட பிறகும் பெரியவர் அடுத்த தவணையைக் கொடுத்தால், தொடரச் சம்மதித்தார் என்று வாதம் வரும்.

வேறு ஆளை வைத்து வேலையை முடித்து, அந்தச் செலவைப் பழைய காண்ட்ராக்டரிடம் வசூலிக்க நினைத்தால் ஒரு படி முன்னே வர வேண்டும். 2018 திருத்தத்துக்குப் பிறகு, குறித்த தீர்வுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு குறைந்தது 30 நாள் எழுத்து அறிவிப்பு கேட்கிறது. கோபத்தில் மறுநாளே புதிய மேஸ்திரியை இறக்கிவிட்டு வருபவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

நிறைவேற்றவே முடியாமல் போனால் ஒப்பந்தம் செல்லாததாகும் என்பது இயலாமை. இந்த 56-ஆம் பிரிவை எல்லோரும் எடுப்பார்கள், சிலருக்கே கிடைக்கும். விலை ஏறியது போதாது. வெளிநாட்டு நிலக்கரி விலை ஏற்றத்தைக் காரணம் காட்டிய மின் நிறுவனங்களுக்கே 2017-இல் உச்ச நீதிமன்றம் இதைக் கொடுக்கவில்லை. கம்பி விலை ஏறியது என்பவருக்கு அதுவே பதில்.

மரணத்தில் 37-ஆம் பிரிவு. சரக்குத் தருவதாக வாக்களித்தவர் இறந்தால் வாரிசுகள் அவர் விட்டுச்சென்ற சொத்தளவுக்குப் பொறுப்பு. ஓவியர் இறந்தால் ஓவியம் வரைவதாகச் சொன்ன ஒப்பந்தம் முடிந்தது. கையின் திறமைக்காக ஆளைத் தேர்ந்தெடுத்தார்களா என்று பாருங்கள்.

ஜாமீன்தாரர் இருந்தால் ஓர் எச்சரிக்கை: அவருக்குத் தெரியாமல் கடனாளியுடன் ஒப்பந்தத்தை மாற்றினால், அதற்குப் பிந்தைய கணக்கிலிருந்து அவர் விடுபடுவார். கூட்டுக் கடனாளி அப்படியில்லை. ஒருவரை விட்டாலும் மற்றவர் பொறுப்பு நிற்கும். இரண்டையும் ஒன்றாக எழுதுவது வழக்கமான பிழை.

10. நோட்டீஸ் எழுதும்போது

முதல் பத்தியில் கோடு: எந்தத் தேதி, எந்த ஒப்பந்தம், யாருக்கு வாக்கு. கோடு இல்லாதவருக்காக எழுதினால், எந்தக் கதவு வழியாக வருகிறீர்கள் என்பதை அங்கேயே சொல்லுங்கள். இரண்டாம் பத்தியில் நிறைவேறியது, நிறைவேறாதது. மூன்றாவதில் வரவாகிவிட்ட தொகையை நீங்களே கழித்துக் காட்டுங்கள். மைத்துனர் கொடுத்த தவணையை மறைத்தால் எதிர்த்தரப்பு அதை முதல் பதிலிலேயே தூக்கிப் போடும், மற்றக் கணக்கையும் நீதிபதி சந்தேகத்தோடு பார்ப்பார். கடைசியில் கெடு.

டைல்ஸ் கடைக்காரருக்காக எழுதும் நோட்டீஸ் போக வேண்டியது காண்ட்ராக்டரின் முகவரிக்கு. பெரியவருக்கு நகல் அனுப்பலாமா என்று கேட்பார்கள். அவர் காண்ட்ராக்டருக்கு இன்னும் ஏதாவது தரவேண்டியிருந்தால் அனுப்புங்கள், ஆனால் ‘தகவலுக்காக’ என்று மட்டும். அந்தப் பணத்தைக் கடைக்குத் திருப்ப, காண்ட்ராக்டர் கையெழுத்திட்ட ஒரு பக்க உரிமை மாற்றப் பத்திரம் வாங்க முடிந்தால், வழக்கே தேவைப்படாமல் போகலாம். அதை முதல் சந்திப்பிலேயே கேட்டுப் பாருங்கள்.